மொட்டைமாடிக் கதவைத் திறந்து தாருங்கள்: எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

பல்கனிகளில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று கடந்த மே மாதம் லிஃப்டுக்குள் அறிவித்தல் ஒட்டினீர்கள். அதே வாரத்தில் மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டுப் போடப்பட்டது. காலி வீதியிலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் முகப்பு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற உங்கள் அக்கறையையும், மேலே தண்ணீர்த் தாங்கிகளுக்கு அருகில் பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள் என்ற உங்கள் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து எங்கள் வீடுகளுக்குள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக, இந்த மழைக்காலம் முடியும் முன்னரே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள், தோய்ப்பதற்கு முன்பு உலர்ந்த உடுப்புகளை எடை பார்க்கும் தராசில் வைத்தேன். 5 கிலோ இருந்தது. வோஷிங் மெஷின் பிழிந்து முடித்த பிறகு அதே உடுப்புகள் 7 கிலோவுக்குச் சற்று மேலே நின்றன. அதாவது, கையால் தொட்டால் சொட்டாத அந்தக் கூடைக்குள் 2 லீற்றர் தண்ணீர் இருந்தது. பல்கனியில் காயும்போது அது கடற்காற்றோடு போய்விடும். உள்ளே காயும்போதோ அதன் ஒவ்வொரு துளியும் வீட்டின் காற்றுக்குள் போகிறது. காற்று ஏற்காததைச் சுவரும் மெத்தையும் அலுமாரிப் பலகையும் ஏற்கின்றன.

காற்று எவ்வளவைத்தான் ஏற்கும்? 28 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 27 கிராம். கொழும்பின் மழைக்காலக் காற்றில், சாரீரப்பதன் 80 வீதமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில், அதில் ஏறத்தாழ 22 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எங்களுடைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் 30 கனமீற்றர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அறை முழுவதும் இன்னும் ஏற்கக்கூடிய தண்ணீர் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். 2 லீற்றரும் வெளியேற வேண்டுமானால் அறையின் காற்று குறைந்தது பதின்மூன்று தடவை முழுவதுமாக மாற வேண்டும். சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி யன்னல்களை இழுத்து மூடிய வீட்டில் அது எப்படி நடக்கும்?

ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கை, பனிக்காலத்தில் யன்னலைப் பத்து நிமிடம் அகலத் திறந்துவிட்டால் போதும், வீடு உலர்ந்துவிடும் என்று சொல்லுவாள். அவளுக்கு அது சரிதான். பூச்சியப் பாகையில் வெளிக்காற்று 5 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. அந்தக் காற்று உள்ளே வந்து சூடாகும்போது பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் ஈரக்காற்றே. இங்கே உடுப்பைக் காயவைப்பது வெப்பத்தைவிடக் காற்றின் ஓட்டம்தான். ஓடிக்கொண்டே இருக்கும் காற்று ஈரமானதாக இருந்தாலும் தன் பங்குக்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும். நின்றுபோன காற்று எதையும் எடுத்துப் போகாது.

எங்கள் ஹோலில், குளிரூட்டி ஓடும் படுக்கையறைக்குப் பொதுவான சுவரை ஒட்டி உடுப்புக் கொடி கட்டியிருந்தோம். ஈரத் துணி தொங்கும்போது ஹோலின் சாரீரப்பதன் 90 வீதத்துக்கு ஏறினால், பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகையாகிவிடும். மறுபக்கத்திலிருந்து குளிர்ந்துபோன அந்தச் சுவர் அதற்கும் கீழே இருந்தது. ஆகவே ஒவ்வோர் இரவும் சுவர் வியர்த்தது. ஒக்டோபரில் அலுமாரியை நகர்த்திப் பார்த்தபோது அதன் பின்பலகை முழுவதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது; விரலால் தொட்டால் மாவைப்போல ஒட்டியது. மாமியாருக்கு முட்டு இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் இரவில் இரண்டு தடவையாவது எழுந்து உட்கார்ந்து இன்ஹேலர் எடுக்கிறார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, உடுப்பை எங்கே காயப்போடுகிறீர்கள் என்பதுதான்.

பாடசாலைச் சீருடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை தோய்த்த வெள்ளைச் சட்டை திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கும் கழுத்துப்பட்டியில் ஈரமாகவே இருக்கும். ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தினால் ஆவி பறக்கும், கூடவே அந்த ஊசல் மணமும் எழும்பும். அதைப் போட்டுக்கொண்டுதான் மகள் வகுப்பில் உட்காருகிறாள்.

எங்களால் செய்யக்கூடியதைச் செய்துகொண்டிருக்கிறோம். துணியை இரண்டாம் முறையும் பிழிகிறோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தோய்க்காமல் நாளுக்கொரு பகுதியாகப் பிரித்திருக்கிறோம். கொடியைச் சுவரிலிருந்து விலக்கி அறையின் நடுவில் கட்டி, துணிகளுக்கிடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, நிலத்தில் வைத்த மின்விசிறியைக் கீழிருந்து மேலாக வீசவிடுகிறோம். தடித்த துவாய்களை மட்டும், கதவை மூடிய அறைக்குள் குளிரூட்டியின் ஈரமகற்றும் முறையில் உலர்த்துகிறோம். அதன் குழாய் வழியாக வாளியில் சேரும் தண்ணீரைப் பார்க்கும்போதுதான் மற்ற நாட்களில் அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது விளங்குகிறது. ஆனால் மின்கட்டணம் அலகு கூடக்கூட ஏறும் இந்த நாட்டில் தினமும் இதைச் செய்ய எத்தனை குடும்பங்களால் முடியும்? உலர்த்தும் இயந்திரம் வாங்கிய சில வீடுகளின் குழாய், குளியலறைகளுக்கான பொதுக் காற்றுவழிக்குள் ஈரத்தைத் தள்ளுகிறது. அது மேல்மாடிக் குளியலறைகளில் வந்து இறங்குகிறது. இதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஈரக்கசிவு என்று சொல்லி இரண்டு தடவை பொதுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தீர்கள். கூரையிலோ குழாயிலோ கசிவு இருக்கிறதா என்று தேடியதில் தவறில்லை. ஆயினும் நாற்பது வீடுகள் கிழமைக்கு மூன்று தடவை 2 லீற்றர் வீதம் உள்ளே உலர்த்தினால், கிழமையொன்றுக்கு 240 லீற்றர் தண்ணீர் இந்தக் கட்டடத்துக்குள் ஆவியாகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மொட்டைமாடியின் கிழக்குப் பாதியில், தண்ணீர்த் தாங்கிகளைக் கம்பிவலையால் தனியே அடைத்துவிட்டு, நான்கு பக்கமும் திறந்த, ஒளி ஊடுருவும் தகட்டுக் கூரையொன்றைப் போட்டுத் தாருங்கள். மழை பெய்யும்போதும் காற்று அங்கே வீசிக்கொண்டுதான் இருக்கும், அது போதும். மேற்குப் பாதியை நான் கேட்கவில்லை, ஏனென்றால் கடலை நேரே பார்க்கும் பக்கத்தில் துணியில் உப்புப் படிந்து, காய்ந்த பிறகும் அது மீண்டும் ஈரத்தை இழுக்கும். வீட்டுக்கு ஒரு கொடி, மாடிக்கு இரண்டு நாள் என்று முறை வைக்கலாம். செலவில் எங்கள் பங்கைத் தர நானும் எங்கள் மாடியிலுள்ள மூன்று குடும்பங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

கூரை அமையும் வரைக்கும், கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குக் கீழே, வீதியிலிருந்து தெரியாதபடி மடிப்புக் கொடியைப் பல்கனியில் வைக்க அனுமதியுங்கள். மொட்டைமாடிப் பூட்டின் திறப்புகளில் ஒன்றைக் காவலாளியிடம் ஒப்படைத்து, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும் ஒழுங்கையாவது இந்தக் கிழமையே செய்து தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் மாடியில் குடியிருக்கும் உரிமையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06