இடது காதுச் சேதி

அன்புள்ள சேகருக்கு,

மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்டா, அவளிடம் சொல்லிவிடு. அன்றைக்குப் போனில் என் காதைப் பற்றிக் கேட்டாய், பக்கத்தில் அம்மா இருந்ததால் மழுப்பிவிட்டேன். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, நீ பாட்டுக்குப் பஸ் ஏறி வந்துவிடாதே.

வெஸ்டிபுலார் ஷ்வானோமா என்று பேர், அக்கூஸ்டிக் நியூரோமா என்றும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முளைப்பது பேலன்ஸ் நரம்பின் உறையில். முதலில் அடி வாங்குவது ஒட்டினாற்போலப் போகும் கேட்கும் நரம்பு. கட்டி மெதுவாக வளர்வதால் மூளை மற்ற காதை வைத்துச் சமாளித்துக்கொள்ளுமாம், அதனால் எனக்குப் பெரிய தலைசுற்றல் எதுவும் வரவில்லை. இடது காதில் போனை வைத்தால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது, அவ்வளவுதான். ரோட்டில் ஆட்டோ ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவேன்.

முதலில் பார்த்த டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, வயசானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். வயசு ஒரு காதுக்கு மட்டுமா ஆகும்? இரண்டாமவர் எந்தக் காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்து, ஹெட்போனில் சொற்களைப் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார், இடது பக்கம் பாதிக்கு மேல் உளறினேன். ஒரு காது மட்டும் இப்படி இறங்கினால் எம்.ஆர்.ஐ. பார்த்தே ஆகணும் என்றார். கையில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், அந்த நரம்பு போகும் எலும்புக் குழாய்க்குள்ளேயே, 9 மில்லிமீட்டரில் கட்டி வெள்ளையாகத் தெரிந்தது.

தம்பி உடனே வெட்டி எடுத்துவிடலாம் என்று குதிக்கிறான். முகத்தை அசைக்கும் நரம்பும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது, எடுக்கும்போது அதில் பட்டால் வாய் கோணிவிடும், கண் மூடாது. கட்டி பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் ஆபரேஷன்தான், அதில் எனக்கும் மறுபேச்சில்லை. சின்னதற்குக் காமா நைஃப் இருக்கிறது, பேரில்தான் கத்தி, உண்மையில் ஒரே தடவை கொடுக்கும் கதிர்வீச்சு. கட்டியை எடுக்காது, வளரவிடாமல் நிறுத்தும், சிலருக்குப் பிறகு சுருங்கும்.

நார்வேயில் பெர்கன் நகரத்து டாக்டர்கள் 2023-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 4 வருஷத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களின் கட்டி சிறுத்தது, ஆனால் கேட்கும் திறனில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் 21 பேருக்குக் கட்டி வளர்ந்து, பிறகு கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. நானும் அப்படியே காத்திருந்து பார்க்கிறேன், 6 மாசம் கழித்து அடுத்த எம்.ஆர்.ஐ. போன செவித்திறன் திரும்பாது, எதைச் செய்தாலும். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

உனக்கு ஒரு வேலை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் காமா நைஃப் இருக்கிறதே, உன் மச்சினரிடம் சொல்லி எவ்வளவு ஆகும், எத்தனை நாள் தங்கணும் என்று விசாரித்து வை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது, எழுதினால் என் வாட்ஸ்அப்புக்கே எழுது.

உன்,
பாலு