நிலத்தில் கிடைக்கும் துவக்கு ரவைகளை அச்சமின்றி ஒப்படைக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நான் வண்ணார்பண்ணையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பித்தளை வார்ப்புத் தொழில் செய்து வருகிறேன். குத்துவிளக்குக்கும் கோயில் மணிக்கும் உருக்குகின்ற உலோகத்தில் ஒரு பங்கு பழைய இரும்பு வியாபாரிகளின் சாக்குகளிலிருந்தே எனக்கு வருகிறது. போர் முடிந்தது 2009இல். ஆனாலும் அந்தச் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினால் இன்றைக்கும் ரவைக் கோதுகள், அதாவது சுட்ட ரவைகளின் வெற்றுப் பித்தளை உறைகள், உருண்டு வருகின்றன.

கடந்த மாசியில் வன்னிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் பட்டறைக்கு வந்தார். அவரது பையில் இருபது வரையான எஸ்.எல்.ஆர். கோதுகள் இருந்தன. 1987 முதல் 1990 வரை இங்கு நிலைகொண்டிருந்த இந்தியப் படையினர் வைத்திருந்த 7.62 மில்லிமீற்றர் துவக்கு அது. எங்கள் வயதினர் எவருக்கும் அதன் சத்தம் மறக்காது. காட்டுப்பன்றிகள் வயலை உழுதுபோடுவதாகவும், பழைய துவக்கொன்று கைக்கு வரக்கூடுமென்றும், சுட்ட கோதுகளைத் திரும்ப நிரப்பிப் பாவிக்கும் முறையைக் கைத்தொலைபேசியில் பார்த்ததாகவும் சொல்லி, அவற்றைக் கடைசலில் சீர்செய்து தரமுடியுமா என்று கேட்டார். கெட்ட பிள்ளையல்லர், விதைத்ததை இழந்தவர். நான் மறுத்தேன், ஆனால் காரணம் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

ஒரு கோதை எடுத்துச் சாம்பலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிவர மயிரிழை அளவில் ஒரு மினுங்கும் வளையம் தெரிந்தது. முதல் வெடியிலேயே பித்தளை இழுபட்டு அந்த இடத்தில் மெலிந்துவிட்டது என்பதே அதன் பொருள். மீண்டும் வெடித்தால் கோது அவ்விடத்தில் இரண்டாகப் பிளக்கும்; உள்ளே எழும் அமுக்கம், சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தலுக்குக் குறையாதது, பின்புறமாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். மோட்டார்க் கார் ரயரில் நாம் அடிக்கும் காற்று 30 இறாத்தல்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். அத்துடன் அது அரைத் தானியங்கித் துவக்கு. ஒரு வெடி வெடித்ததும் அதன் வாயுவே கோதை வெளியே தள்ள வைக்கும்; உடனே சுருள்வில் அடுத்த ரவையைத் தானாக உள்ளே அறைந்து ஏற்றிவிடும். கோதின் அடியிலுள்ள, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் கேப் சரியாக உட்காராமல் சிறிதளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே, அறை பூட்டப்படுவதற்கு முன் ரவை வெடிக்கக்கூடும். இராணுவ ரவைகளுக்கு வேண்டுமென்றே கடினமான கேப் வைப்பது இதனால்தான். சட்டம் அனுமதிக்கின்ற நாடுகளில், புதிய பொருட்களையும் நுண்ணிய அளவுகோல்களையும் வைத்துக்கொண்டு இதைச் செய்பவர்களே இதற்கு அஞ்சுகிறார்கள்.

பித்தளைக்கும் ஒரு நோய் உண்டு. பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் கைபடாமலே வெடிப்புக் கண்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணமென்று 1921இல் விளக்கினார்கள். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது நாகமும் (துத்தநாகம்) சேர்ந்த தோட்டாப் பித்தளையின் இயல்பு அது. எங்கள் தோட்டக் காணிகளில் மாட்டெருவுக்குள் ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்த கோதுக்கு என்ன உறுதி இருக்கும்?

வெற்றுக் கோதைவிடக் கொடியது வெடிக்காத ரவை. அதைக் கழற்றி, உள்ளிருக்கும் மருந்தை எடுத்து வாய்வழியாக மருந்து இடிக்கும் இடியன் துவக்கில் போடுவோர் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது நெஞ்சு பதறுகிறது. இடியன் கரிமருந்துக்காகக் கட்டப்பட்டது. இராணுவ ரவையில் உள்ளது புகையில்லாத மருந்து; அதே அளவு போட்டால் குழாயே கிழிந்துவிடும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த மருந்து சிதைந்து அமிலமாகிக்கொண்டும் இருக்கும். முனையில் நிறம் பூசிய ரவைகள் சிலவற்றில் மருந்தைத் தவிர, எரிந்துகொண்டே பறக்கும் கலவையொன்றும் குண்டின் உள்ளேயே இருக்கிறது. மண்ணில் கிடந்து நிறம் உரிந்துபோனால் அதைச் சாதாரண ரவையிலிருந்து வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

இவ்வளவும் தெரிந்தும் மக்கள் ஏன் ரவைகளை ஒளிக்கிறார்கள், விற்கிறார்கள், கழற்றுகிறார்கள்? நான் கண்ட அளவில் விடை அச்சம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாக்கில் ஏழு உயிர் ரவைகள், அதாவது வெடிக்காதவை, இருக்கக் கண்டு பொலிசாருக்கு முறைப்படி அறிவித்தேன். வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆயினும் சாக்கு யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, முன்பு யாருடன் பழக்கம் என்று மூன்று நாட்கள் என்னை அழைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். பட்டறை பூட்டிக் கிடந்தது. அதைக் கேள்விப்பட்ட வியாபாரி ஒருவர், இனி அப்படி ஏதும் கண்டால் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று என்னிடமே சொன்னார். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த மக்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? குடிக்கின்ற கிணறு அது, ஐயா.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நிலத்திலோ பழைய இரும்பிலோ ரவையைக் கண்டு தானாக அறிவிப்பவரைச் சந்தேக நபராக நடத்தக்கூடாது என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் பொலிஸ் நிலையங்களுக்கு வேண்டும். அறிவிப்பைக் கிராம அலுவலர் பெற்றுக்கொண்டு, இடத்தைக் குறித்து, அன்றைக்கே ஒரு பற்றுச்சீட்டுத் தரவேண்டும். செயலிழக்கச் செய்பவர்கள் வரும்வரை கண்டவர் அதைத் தொடாமல் காவலிருந்தால் போதும் என்ற நிலை வேண்டும். பிரதேச சபைகள் பழைய இரும்புக் கடைகளுக்கு உரிமம் வழங்கும்போது, சாக்குகளைப் பிரித்துப் பார்த்தே வாங்கவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். உருக்கு மூசையில் ஓர் உயிர் ரவை விழுந்தால், பறப்பது கோதின் சிதறல் மட்டுமல்ல, உருகிய பித்தளையும்தான். என் பட்டறையில் மூசையருகே நிற்பவர்கள் இருவர். ஒருவர் என் மருமகன்.

அந்த இளைஞர் கோதுகளை என்னிடமே விட்டுச் சென்றார். பன்றிக்கு என்ன செய்வது என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அதைக் கமநல சேவை அதிகாரிகளும் வனஜீவராசிகள் திணைக்களமும் இப்பத்தியின் வாயிலாக அவருக்குச் சொல்வார்களாயின் நன்றியுடையேன்.

இங்ஙனம்,
வார்ப்புத் தொழிலாளி ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.