கிளிநொச்சியும் சபோரிஷியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக அமைதியைக் காப்பதில் ஐக்கிய நாடுகள் சபை அடியோடு தோற்றுவிட்டது, அதைக் கலைத்துவிட்டாலும் நட்டமில்லை என்ற பொருளில் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதுகாப்பு அவையைப் பொறுத்தவரை அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2022 பிப்ரவரியில் ரஷ்யா, அந்த மாதம் அவைத் தலைமையிலும் இருந்துகொண்டே, வீட்டோ என்னும் தடுப்பதிகாரத்தால் தடுத்தது. 2023 டிசம்பரில் காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தை 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரித்தும் அமெரிக்கா வீழ்த்தியது. ஆனால் நியூயார்க்கில் நடக்கும் வாக்கெடுப்பை மட்டும் கொண்டு உலக அமைப்புகள் அனைத்தையும் எடைபோட்டுவிட முடியாது என்பதற்கு, நான் வாழும் இடத்திலிருந்தே ஒரு காரணம் சொல்ல விரும்புகிறேன்.

என் ஊர் கூடங்குளத்துக்குப் பக்கம். அங்கே இயங்கும் இரண்டு அணு உலைகளும் தலா 1,000 மெகாவாட் திறன் கொண்ட, ரஷ்யாவின் விவிஇஆர் வகையைச் சேர்ந்தவை. உக்ரைனின் சபோரிஷியா நிலையத்தில் உள்ள ஆறும் அதே குடும்பம்தான். 2022 மார்ச் 4 அன்று ரஷ்யப் படை அந்த நிலையத்தைக் கைப்பற்றியபோது வளாகத்தில் தீப்பிடித்தது என்ற செய்தியை எங்கள் பகுதியில் யாரும் தொலைதூரத்துச் செய்தியாகக் கேட்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமை இயக்குநர் ரஃபேல் குரோசி தம் குழுவுடன் போர்முனையைக் கடந்து உள்ளே சென்றார். அன்றிலிருந்து முகமையின் வல்லுநர்கள் முறைவைத்து அங்கேயே தங்கத் தொடங்கினார்கள். அவர்களால் ஒரு பீரங்கியை நிறுத்த முடியாது. எந்தத் தளபதிக்கும் கட்டளையிட முடியாது. ஆயினும், வெளியிலிருந்து வரும் மின்சாரம் எப்போது அறுந்தது, 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்த பிறகு உலைகளைக் குளிர்விக்க நீர் எங்கிருந்து கிடைக்கிறது என்பவற்றையெல்லாம், இரு தரப்பின் பிரசாரத்தையும் நம்பியிராமல், நேரில் பார்த்தவர்களின் வாயிலாக உலகம் அறிந்துகொள்ள முடிந்தது. சாட்சி இருக்கும் இடத்தில் கை ஓங்குபவன் ஒரு கணமாவது யோசிப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கை எனக்கு வட இலங்கையின் கிளிநொச்சியிலிருந்து வந்தது. எங்கள் மாவட்டத்தில் கோபாலசமுத்திரம் முதலிய இடங்களில் ஈழத் தமிழர் முகாம்கள் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நான் வரலாறு கற்பித்திருக்கிறேன். 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாது என்று இலங்கை அரசு சொன்னதை ஏற்று, ஐ.நா. தன் வெளிநாட்டுப் பணியாளர்களைக் கிளிநொச்சியிலிருந்து விலக்கிக்கொண்டது. போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு மன்றாடினார்கள். வண்டிகள் போய்விட்டன. அதன் பின் வன்னியில் நடந்ததைப் பார்க்க வெளியார் அநேகமாக எவரும் இல்லை. இறுதிக்கட்டப் போரில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா.வின் வல்லுநர் குழு 2011இல் கூறியது. 2012இல் வெளியான ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கை, அமைப்பு தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு அவையோ அந்தப் போரைப் பற்றி முறையான கூட்டம் ஒன்றுகூட நடத்தவில்லை.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் இனப்படுகொலையின்போதும் இதுவே நடந்தது. தலைநகர் கிகாலியின் தொழிற்பள்ளி ஒன்றில் ஏறத்தாழ 2,000 பேர், அங்கே முகாமிட்டிருந்த பெல்ஜிய அமைதிப்படையினரை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தனர். 1994 ஏப்ரல் 11 அன்று படையினர் வெளியேறினர். அன்றே தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்து அந்நாட்டிலிருந்த ஐ.நா. படையை வெறும் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்தது.

இதற்கு மாறாக, தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் கலவரம் வெடித்தபோது, தப்பி வந்த மக்களுக்காக ஐ.நா. படைத்தளங்களின் கதவுகள் திறக்கப்பட்டன. அகோபோ என்ற ஊரில் தஞ்சம் புகுந்தவர்களைக் காக்கும் முயற்சியில் இந்திய வீரர்கள் இருவர் உயிர் துறந்தனர். பிறகு வந்த காலத்தில் அந்தத் தளங்களில் 2 லட்சம் பேர் வரை தங்கினர். அந்த முகாம்களின் துன்பம் பெரிது. ஆனாலும் அங்கே இருந்தவர்களுள் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். அந்த இரு வீரர்களின் பெயரை நம் பாடநூல்கள் சொல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இதுவரை 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அமைதிப்படைக்கு அனுப்பிய நம் நாட்டுக்கு இதைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு. 2009 மே மாதம், போர் முடிந்த சில நாளில், மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்ததை நான் மறக்கவில்லை என்பதால், ‘தகுதி’ என்ற சொல்லைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் கேட்கும் இந்திய அரசு, அது கிடைக்கும்வரை காத்திராமல், ஒன்றை இப்போதே கோரலாம்: போர் நடக்கும் இடத்திலிருந்து ஐ.நா. பணியாளர்களை விலக்கும் எந்த முடிவும், போரிடும் அரசின் ஒரு கடிதத்தைக் கொண்டு அலுவலக அளவில் எடுக்கப்படக்கூடாது. அது பொதுச்சபையின் முன் வைக்கப்பட்டு, அங்கே விட்டுச்செல்லப்படும் மக்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று வெளிப்படையாகப் பதில் சொல்லப்பட வேண்டும். பொதுச்சபையில் எவருக்கும் வீட்டோ இல்லை.

இக்கோரிக்கையை எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதி அனுப்பியுள்ளேன். தங்கள் இதழும் இதுபற்றி ஒரு தலையங்கம் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.