நம்மளைச் சொல்லல என்கிறாயே

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
16 ஏப்ரல் 2022

அன்புள்ள தம்பி,

வருடப் பிறப்பன்று நீ பிரான்சிலிருந்து போனில் பேசியதிலிருந்து மனசுக்குள் உனக்கு ஒரு பதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் சித்தி மகள் போட்டோ எடுத்து அனுப்புவாள். ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் நிதானமாகப் படி.

பிரான்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் வந்தேறிகளை எதிர்த்துப் பேசுகிற செமூருக்குப் போட்டாய். அவர் ஏழு சதவீதத்தோடு வெளியே போய்விட்டார், போகும்போதே அவரைப் போலவே தீவிர வலதுசாரியான மரீன் லு பென்னுக்குப் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். 24ஆம் தேதி இரண்டாம் சுற்றில், இப்போதைய அதிபர் மக்ரோனுக்கு எதிராக, நீ அதைத்தான் செய்யப்போகிறாய். சரி, ஓட்டு உன்னுடையது. உங்கப்பா இருந்திருந்தால் வீடே அதிர்ந்திருக்கும், நான் கத்தமாட்டேன். லு பென் பெட்ரோல் மேல் உள்ள வாட் வரியை 20 சதவீதத்திலிருந்து 5.5க்கு இறக்குவேன் என்கிறார். தினமும் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவனுக்கு அது பெரிய விஷயம்தான். போன வருடம் உன் வண்டிக் கண்ணாடியை உடைத்தார்கள். அதற்கெல்லாம் கோபப்படாதே என்று நான் பாண்டியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்வது நியாயம் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. செமூர், லு பென் இரண்டு பேர் மேலும் இனவெறி என்று இவ்வளவு பேர் குற்றம் சொல்கிறார்களே என்று கேட்டேன். "சும்மா கிளப்பிவிடுறாங்கம்மா. அவங்க அரபுக்காரங்களைச் சொல்றாங்க, நம்மளைச் சொல்லல" என்றாய்.

சும்மா கிளப்பிவிடுகிறார்கள் என்றால், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகிறது. நம்மைச் சொல்லவில்லை என்றால், வேறு யாரையோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஆகிறது. இதில் எது உன் பேச்சு?

முதலாவதைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள், யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று பார்க்காமல் எனக்கு மனசு விடாது. செமூர் 2020 செப்டம்பரில் டிவியில் பேசினார். பெற்றோர் துணையில்லாமல் நாட்டுக்குள் வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி: அவர்கள் திருடர்கள், கொலைகாரர்கள், கற்பழிப்பவர்கள், அவ்வளவுதான் அவர்கள், திருப்பி அனுப்ப வேண்டும். சிலர் அப்படி என்று சொல்லவில்லை, எல்லோரையும் சேர்த்துச் சொன்னார். இந்த வருடம் ஜனவரி 17 அன்று பாரிஸ் நீதிமன்றம் அதற்கு 10,000 யூரோ தண்டம் போட்டது. மேல்முறையீடு செய்வது அவர் உரிமை, செய்யட்டும். ஆனால் 2011லேயே இதே மாதிரி வழக்கில் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர். அவரைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு என்ற கட்டம் தாண்டியாகிவிட்டது. இப்படிப்பட்ட பேச்சைத் தண்டிக்கிற சட்டம் 1972லிருந்து இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் தேர்தலுக்காக இட்டுக்கட்டியது இல்லை.

மரீன் லு பென் விஷயம் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் முஸ்லிம்கள் தொழுவதை அந்நியர் ஆக்கிரமிப்போடு ஒப்பிட்டு 2010ல் பேசினார், வழக்கு லியோன் நீதிமன்றத்துக்குப் போனது, 2015 டிசம்பரில் விடுதலை ஆனார். விடுதலை ஆனவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று யாராவது சொன்னால் அவர்களோடு நீ சண்டை போடு, நானும் உன் பக்கம் நிற்கிறேன். அவருடைய அப்பா, கட்சியின் பழைய தலைவர் ஜான்-மரி லு பென், வேறு கதை. நாஜிகள் யூதர்களைக் கொன்ற எரிவாயு அறைகளை இரண்டாம் உலக யுத்த வரலாற்றின் ஒரு சின்ன விவரம் என்றார், நீதிமன்றம் தண்டம் போட்ட பிறகும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் மகளே 2015ல் கட்சியை விட்டு நீக்கினார். அப்பன் பேச்சுக்கு மகளைக் கேட்காதே என்றால் சரி, கேட்கவில்லை. மகளுடைய இந்தத் தேர்தல் அறிக்கையைத்தான் கேட்கிறேன். பொது இடத்தில் எங்கேயும் முக்காடு போடக்கூடாது, போட்டால் அபராதம். வேலை கொடுப்பதிலும் அரசு வீடு ஒதுக்குவதிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே முன்னுரிமை. படித்துப் பார்த்தாயா? இல்லை, பெட்ரோலோடு நின்றுவிட்டாயா?

அப்புறம் அந்த இரண்டாவது பேச்சு, நம்மளைச் சொல்லல என்பது. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

உங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி. அல்ஜீரியாக்காரர்களையும் கறுப்பர்களையும் எப்போதும் கேவலமாகப் பேசுவாராம், பேசிவிட்டு உங்கப்பா தோளில் தட்டி, "நீங்க பாண்டிச்சேரிக்காரங்க வேற, உங்களைச் சொல்லலை" என்பாராம். உங்கப்பாவும் சிரித்திருக்கிறார். வயசு, சம்பளம், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம். ஒருநாள் பாசறையில் யாருடைய கைக்கடிகாரமோ காணாமல் போனது. முதலில் திறந்து பார்த்தது யாருடைய பெட்டியை என்று நீயே சொல். கடிகாரம் அப்புறம் குளியலறையில் கிடைத்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இதை உங்கப்பா பிள்ளைகள் முன்னால் சொல்லமாட்டார். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன், வாங்கிச் சாப்பிடுகிற வீட்டில் அதைப் பேசக்கூடாது என்பது அவர் கணக்கு. 2002 ஏப்ரல் 21 ராத்திரி, அப்பன் லு பென் பிரதமர் ஜோஸ்பனைத் தள்ளிவிட்டு இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார் என்று செய்தி வந்தபோதுதான் எனக்கே முதல்முறையாகச் சொன்னார். எதிரே நின்ற அதிபர் சிராக்கை உங்கப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் மே 5 அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போய் சிராக்குக்குப் போட்டுவிட்டு வந்தார். அந்த முறை சிராக்குக்கு 82 சதவீதம்.

நாம் மற்றவர்களைப் போல இல்லை, நம்மிடம் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருக்கிறது என்று நினைக்கிறாய். காகிதத்தின் கதையைக் கொஞ்சம் கேள். பாண்டி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, 1881ல் ஒரு ஆணை வந்தது. சாதி வழக்கம், சொந்தச் சட்டம் எல்லாவற்றையும் விட்டு எழுதிக் கொடுத்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றார்கள். உங்கப்பா வழியில் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு, ரெனோன்சான் (விட்டுக் கொடுத்தவர்கள்) குடும்பம் என்று உன் அத்தை இன்றைக்கும் பெருமை பேசுவாள். எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தவர்களை என்ன செய்தார்கள்? 1884ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சானுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று வரைபடத்திலேயே எழுதி வைத்திருந்த ஊர் இது. இப்போது அந்தப் பக்கம் காபிக் கடைகளும் போட்டோ பிடிக்கிற கூட்டமுமாக அழகாகத்தான் இருக்கிறது.

செமூருடைய குடும்பமே அல்ஜீரியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். அங்கிருந்த யூதர்களுக்கு 1870ல் ஒரே ஆணையில் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. 1940ல் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு இன்னொரு ஆணையால் அதைப் பறித்தது. 1943ல்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் அந்த மூன்று வருடம் பழைய காகிதத்தைக் காட்டி யாரும் தப்பிக்க முடியவில்லை. இந்தச் சரித்திரம் உள்ள வீட்டில் பிறந்தவர் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நம் வீட்டில், 1962ல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாத கெடுவுக்குள் தாத்தா எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. அதனால் நீ பிரெஞ்சுக்காரன், உன் சித்தப்பா மகன் இந்தியன். இதில் யாருடைய திறமை இருக்கிறது? நான் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக் குடிமகளாக இருக்கிறேன். இங்கே சட்டமன்றத் தேர்தலுக்கு எனக்கு ஓட்டு கிடையாது. குடியுரிமையை வைத்து முன்னுரிமை என்று யாராவது இங்கே ஆரம்பித்தால் முதலில் வெளியே நிற்பது உன் அம்மா.

பாப்பா பெயரையும் யோசித்தாயா? யாழினி என்று எவ்வளவு ஆசையாக வைத்தாய், நாலு பேரிடம் கேட்டு, மருமகளோடு சண்டை போட்டு. செமூர் 1803ஆம் வருடத்துப் பெயர்ச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றார். நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர், பழைய வரலாற்றில் வரும் பெயர், இவற்றுக்குள்தான் பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியும். 1993ல்தான் அதை எடுத்தார்கள். ஹாப்சாத்து சி என்று ஒரு பெண், பிரான்சிலேயே பிறந்தவர். 2018ல் டிவி நிகழ்ச்சி ஒன்றில் அவரிடம், உன் பெயர் பிரான்சுக்கு அவமானம், உன் அம்மா கொரின் என்று வைத்திருக்கலாம் என்று செமூர் நேருக்கு நேராகச் சொன்னார். அப்போது அந்தப் பெண் அரபுக்காரியும் இல்லை, எந்தக் கண்ணாடியையும் உடைக்கவில்லை. ஓட்டுச் சாவடிக்குள் போகும்போது நீ யாழினியின் அப்பாவாகத்தானே போனாய்?

பாரிசில் தமிழர் கடைகள் இருக்கிற லா ஷப்பெலில் பிள்ளையார் தேர் இழுக்கும்போது தேங்காய் உடைக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள், நீயும் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்பினாய். பெரும் இடமாற்றம், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த இடத்தில் வந்தேறிகள் வந்துவிடுகிறார்கள் என்று செமூர் மேடைக்கு மேடை பேசுகிறாரே, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தத் தெருவுக்கு வருகிறவன் இவன் யாழ்ப்பாணம், இவன் பாண்டிச்சேரி, இவன் காகிதம் உள்ளவன் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டா இருப்பான்? நீயும் உன் கூட்டாளிகளும் ஈழத்துப் பிள்ளைகளை அகதிகள் என்று கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இங்கே மட்டும் எல்லாரும் யோக்கியமா என்று கேட்பாய். இல்லைதான். ஹோட்டலில் பாத்திரம் கழுவ, கட்டிடத்தில் கல் சுமக்க வந்த பீகார் பையன்களை நம் தெருவிலேயே வடக்கன் என்று சொல்லித் துரத்துகிறார்கள். போன தடவை வந்தபோது அதற்காக டீக்கடையில் நீ ஒருத்தனோடு மல்லுக்கு நின்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

லு பென்னுக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் இனவெறியர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். பஞ்சாலை மூடி, சுரங்கம் மூடி, பஸ்கூட வராத ஊர்களில் இருந்துகொண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்று நீ சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மக்ரோனும் எனக்கு ஒன்றும் உறவு இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான். வரிக்காகப் போடு, பென்ஷனுக்காகப் போடு, கோபத்துக்காகக்கூடப் போடு. நம்மைச் சொல்லவில்லை என்பதற்காகப் போடாதே.

20ஆம் தேதி ராத்திரி மக்ரோனும் லு பென்னும் டிவியில் நேருக்கு நேர் பேசுகிறார்கள். உங்களுக்கு ஒன்பது மணி, எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மத்தியானமே தூங்கிவிட்டு விழித்திருந்து பார்ப்பேன். நீயும் பார். மறுநாள் கூப்பிடு, வாதாடலாம். யாருக்குப் போட்டாய் என்று 24க்கு அப்புறம் கேட்கமாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். உன் சித்தப்பா மகன் மே கடைசியில் வருகிறான், அவனுக்கு இன்னும் விசா கைக்கு வரவில்லை. வந்தால் கொடுத்துவிடுகிறேன். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்.

அம்மா