ஒழுங்குவிதி வேறு, பணிப்புரை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஐரோப்பிய ஒன்றியக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். "பிரசெல்ஸ் அதிகாரிகள் சட்டம் போடுகிறார்கள், 27 நாடுகளும் தலையாட்டுகின்றன, நம்மவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை" என்று அதில் ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதிய அந்தச் சட்டத்தால்தான் என் மனைவி இன்றைக்கு என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறாள்.

நான் பிரெஞ்சுப் பிரஜை. பாரிசில் இருபது வருடம் இருந்துவிட்டு வேலைக்காக ஜேர்மனிக்கு வந்தவன். கல்யாணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. மனைவியைக் கூப்பிடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இங்கே விசாரிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒரு தாளில் 'ஏ1' என்று, அதாவது மொழிப் பரீட்சையின் ஆரம்ப நிலையை எழுதி, அதைச் சுற்றி இரண்டு தரம் வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். முதலில் மனைவி ஜேர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டுமாம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நானும் நம்பினேன். நாலு மாதம் அவள் யாழ்ப்பாணத்தில் விடியக்காலையில் வகுப்புக்குப் போய் 'டேர், டீ, டாஸ்' என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். என்னோடு வேலை செய்யும் ஒரு போர்த்துக்கீசர்தான் சொன்னார், "உனக்கு இது தேவையில்லையே, என் மனைவி பிரேசில்காரி, எங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்று. தேடிப் பார்த்தால் ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கப் பணிப்புரை (directive) இருக்கிறது. ஒன்றியப் பிரஜை ஒருவர் வேறொரு உறுப்பு நாட்டில் போய் வேலை செய்தால், அவருடைய மனைவிக்கு விசா இலவசமாக, விரைவாகக் கொடுக்க வேண்டும். வந்த பிறகு வதிவிட அட்டையை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மொழிப் பரீட்சை என்ற பேச்சே அதில் இல்லை. ஜேர்மனியும் அதை ஏற்றுத் தன் நாட்டில் தனிச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. அது கவுண்டர் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்படியான முறைப்பாட்டுக்கு 'சொல்விட்' என்று ஒரு சேவை ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் உண்டு. காசில்லை, வக்கீல் தேவையில்லை. பிரெஞ்சிலேயே எழுதினேன். சில வாரத்தில் அதே அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். வட்டம் போட்ட அதே அம்மா, பரீட்சைப் பேச்சை எடுக்காமல் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்.

இனித்தான் எனக்கு மனம் நோகிற விஷயம். எங்கள் கீழ்வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். இங்கேயே பிறந்தவர், ஜேர்மன் பிரஜை. அவருடைய மனைவி கொழும்பில் இரண்டு தடவை ஏ1 எழுதி இரண்டு தடவையும் தவறிவிட்டார். "அண்ணை, நான் இந்த நாட்டில பிறந்தவன். பிரான்சில இருந்து வந்த உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று படிக்கட்டில் நின்று கேட்டார். ஓம் தம்பி, அப்படித்தான். ஒரு பிரஜை எல்லை தாண்டி இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போதுதான் அந்தப் பணிப்புரை அவரைக் காக்கிறது. சொந்த நாட்டிலேயே இருக்கிற பிரஜையை அந்த நாட்டுச் சட்டத்திடம் விட்டுவிடுகிறது. 27 நாடுகளும் சும்மா தலையாட்டுகின்றன என்றால், இந்தத் தம்பி ஏன் ஒன்றரை வருடமாகத் தனிய இருக்கிறார்?

அப்புறம், அதிகாரிகள் சட்டம் போடுகிறார்கள் என்பதும் சரியில்லை. அந்த அதிகாரிகள் இருக்கும் ஐரோப்பிய ஆணைக்குழு வரைவைத்தான் வைக்கிறது. அநேகமான சட்டங்களுக்கு நாங்கள் தெரிவு செய்த 720 பேர் இருக்கும் பாராளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் சபையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அமைச்சர் சபையில் பெரும்பான்மை என்றால் பொதுவாக 15 நாடுகள் சேர வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் சனத்தொகையில் 65 வீதமாவது இருக்க வேண்டும். 2024 ஜூனில் நான் பிரெஞ்சுப் பாஸ்போட்டோடு இங்கே, ஜேர்மனியில், வரிசையில் நின்று வாக்களித்தேன். எனக்கு ஒன்றும் இல்லையா?

இது உங்கள் பத்திரிகையில் முதல் தடவையும் இல்லை. பிரித்தானியா விலகிய நேரத்தில், ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தை ஒன்றியத்தின் நீதிமன்றம் என்று எழுதினீர்கள். அது ஐரோப்பியப் பேரவையுடையது, இப்போது அதில் 46 நாடுகள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான் இருக்கிறது. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பேர்க்கில். லண்டனில் அகதி வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு இனி அங்கே போக வழியில்லையாம்" என்று என்னிடம் அழுதார். அன்றும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

2019 டிசம்பரில் 'கறிவேப்பிலைக்கு ஜேர்மனி தடை' என்று போட்டீர்கள். அது ஜேர்மனி போட்டதல்ல. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பயணிகள் இலை, காய், பழம் கொண்டுவரக் கூடாது என்பது ஒன்றியத்தின் ஒழுங்குவிதி (regulation), எல்லா உறுப்பு நாட்டுக்கும் ஒரே நாளில் வந்தது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியான் ஐந்துக்கும் விலக்கு உண்டு. அதை எழுதியிருந்தால் என் மாமி பாரிசில் இறங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைத்து ஒரு பை நிறைய முருங்கைக்காய் கட்டியிருக்க மாட்டார். விமான நிலையத்தில் அவர் கண் முன்னாலேயே அதைத் தொட்டியில் கொட்டினார்கள்.

ஒழுங்குவிதி என்றால் அதன் சொல்லே நேரடியாகச் சட்டம். பணிப்புரை என்றால் குறிக்கோளை மட்டும் சொல்லி, தவணை கொடுத்து, சட்டத்தை நீயே செய் என்று நாடுகளிடம் விடுவது. நாட்டுச் சட்டமும் ஒன்றியச் சட்டமும் முட்டினால் எது நிற்கும் என்பது 1964இலேயே தீர்ந்தது. மிலானில் ஒருவர் 1,925 லீரா மின்கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்றார். ஒரு சின்ன நீதிமன்றம் லக்சம்பேர்க்கிடம் கேள்வி அனுப்ப, பின்னால் வந்த உள்நாட்டுச் சட்டமானாலும் ஒன்றியச் சட்டத்தை மேவ முடியாது என்று பதில் வந்தது. அயர்லாந்து, ஒன்றியப் பிரஜையை மணந்தவர் முதலில் வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2008இல் மெட்டாக் என்பவரின் வழக்கில் லக்சம்பேர்க் நீதிமன்றத்தில் அதுவும் விழுந்தது. எத்தனை கலப்புக் குடும்பங்கள் அதனால் சேர்ந்து வாழ்கின்றன என்று உங்கள் கட்டுரையாளர் யோசித்தாரா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இரண்டுக்கும் 'சட்டம்' என்று ஒரே சொல்லைப் போடாமல் ஒழுங்குவிதி, பணிப்புரை என்று பிரித்து எழுதுங்கள். உங்களுக்கு வேறு சொல் இருந்தால் அதைப் போடுங்கள், ஆனால் இரண்டு சொல் வேண்டும். சொல்விட் என்று ஒன்று இருப்பதை அடுத்த இதழில் நாலு வரியில் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும், அந்தப் பக்கத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
ஜேர்மனி