துணி விரிக்காத மேசையும் ஒரு டப்பா புளியோதரையும்

மியூனிக்கில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்துபோன பியர் தோட்டத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஜெர்மனில் உங்களுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரியும், அடுத்த முறை வந்தால் ஒரு ப்ரெட்செல், அதாவது முறுக்கிய ரொட்டி, இலவசம் என்று ஒரு சீட்டும் வந்தன. நான் ப்ரெட்செல் கேட்கவில்லை. அதனால் மூன்றாவதை என் பாஷையில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் பெஞ்சுகளில் உட்காரும் தமிழர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. யாராவது படித்துச் சொல்வார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவோடு காலை பதினொரு மணிக்கு வந்தேன். இருவரும் சைவம். பணியாளர் வந்து பரிமாறுகிற, துணி விரித்த மேசைப் பக்கமே போகவில்லை. நாமே போய் வாங்கிக்கொண்டு வரும் பகுதியில், கஷ்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு மாஸ் பியரும், வைஸ்வுர்ஸ்ட் என்கிற வெள்ளை சாசேஜ் ஒரு ஜோடியும், அவர்களுக்கு ஆப்பிள் ஷோர்லெ என்கிற சோடா கலந்த ஆப்பிள் சாறும் ப்ரெட்செல்லும். நாற்பத்தியொரு யூரோ. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்புறம்தான் அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார்.

உங்கள் பணியாளர் வந்தபோது அப்பா முதல் கவளத்தை வாயில் போட்டிருந்தார். "இது இங்கே கூடாது, வாடை மற்றவர்களுக்குத் தொந்தரவு" என்றார் அவர். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. டப்பாவை நோக்கி நீண்ட விரல் புரிந்தது. மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் இருப்பதை விழுங்கலாமா, துப்ப வேண்டுமா என்று கேட்கிற பார்வை. எழுபத்திரண்டு வயது மனிதர். "முழுங்குங்கப்பா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அவசரத்தில் கரண்டியை உள்ளேயே விட்டு மூடியை அழுத்தினார். அது மூடவில்லை. விரலெல்லாம் புளிக்காய்ச்சல் எண்ணெய். அதைத் துடைக்க உங்கள் காகித நாப்கினை எடுக்கலாமா என்றுகூட அவருக்குத் தயக்கம்.

பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டம் போட்ட துணியை விரித்து, முள்ளங்கியைச் சுருள் சுருளாக வெட்டி, சீஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள்தான் எங்களுக்காகப் பேசினார்: "நாங்களும்தான் கொண்டுவந்திருக்கிறோம்." அதற்கு உங்கள் பணியாளர் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை. "அது ப்ரோட்சைட். இது சாப்பாடு." ரொட்டி, சீஸ், முள்ளங்கி என்று இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் சிற்றுண்டிக்குத்தான் ப்ரோட்சைட் என்று பெயர்.

இந்த வித்தியாசத்தை எந்தச் சட்டப் புத்தகத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று பணிவோடு கேட்கிறேன். 1812-இல் பவேரியாவின் மன்னர் முதலாம் மாக்சிமிலியான், மதுக்கிடங்கு வாசலில் பியர் விற்க மதுவடிப்போருக்கு அனுமதி கொடுத்தபோது, ரொட்டி தவிர வேறு உணவு பரிமாறக் கூடாது என்றார். ஜனங்கள் கையில் சாப்பாட்டோடு வந்த பழக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். 1999-இல் பவேரிய மாநில அரசு கொண்டுவந்த பியர் தோட்ட ஒழுங்குமுறையும், கொண்டுவந்ததைக் காசில்லாமல் உட்கார்ந்து சாப்பிட முடிவதை பியர் தோட்டத்துக்கு அடையாளமாகவே சொல்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எவ்வளவு முனகினாலும் இரவு பத்தரை வரை நீங்கள் ஊற்றிக்கொடுக்க முடிவதும் அதே ஒழுங்குமுறையின் தயவில்தான். நேரத்துக்கு மட்டும் அது வேண்டும், புளியோதரைக்கு வேண்டாமா?

வாடை என்கிறீர்கள். பத்தடி தள்ளி உங்கள் ஆள் குச்சியில் மீனைச் சொருகிச் சுட்டுக்கொண்டிருந்தார். புகை எங்கள் முகத்தில்தான். கெமம்பேர் சீஸையும் வெண்ணெயையும் வெங்காயத்தோடு பிசைந்து ஓபாட்ஸ்டா என்று விற்கிறீர்கள். அதை அம்மா தூரத்திலேயே மோந்து பார்த்துவிட்டு, "அவங்க ஊர் பதார்த்தம், நல்லாத்தான் இருக்கும்" என்று மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதையில் பாதி போதும் எங்களுக்கு.

வைஸ்வுர்ஸ்டைப் பன்னிரண்டு மணி அடிக்கும் முன் தின்றுவிட வேண்டும் என்பது உங்கள் ஊர் சம்பிரதாயம். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். தோலை உரித்து, இனிப்புக் கடுகு தொட்டு, ஒழுங்காகவே தின்றுவந்திருக்கிறேன். அன்றைக்கு என் ஜோடி பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரிலேயே ஆறிக் கிடந்தது. தொடவில்லை.

பியரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாஸ் என்றால் ஒரு லிட்டர். குவளையில் அதற்குக் கோடு போட்டிருக்கிறது. என் குவளையில் நுரை அடங்கியபோது பியர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. மோசடியாக ஊற்றுவதை எதிர்க்க இந்த ஊரில் ஒரு சங்கமே இருப்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. டப்பாவுக்குள் எட்டிப்பார்க்கும் கண், குவளைக்குள்ளும் ஒரு தடவை பார்த்தால் என்ன? சரி, அது வேறு வழக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். துணி விரிக்காத மேசைகளில் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடலாம் என்று நுழைவாயிலில் ஒரு பலகை வையுங்கள். அதில் எழுதியிருப்பது முள்ளங்கிக்கும் புளியோதரைக்கும் பொது என்று உங்கள் பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள். அந்தப் பணியாளரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை. பலகை போதும்.

அவர்கள் இருவரும் செப்டம்பர் கடைசி வரை இங்கேதான் இருப்பார்கள். அதற்குள் பலகை வந்துவிட்டால் தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள். ப்ரெட்செல் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மரத்தடி மேசையிலிருந்து எழுந்துபோனவர்களின் மகன்