முருகேசனுக்கு, சிகாகோவிலிருந்து

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே பனி இன்னும் விடவில்லை. பேத்தி அதில் புரண்டுவிட்டு வந்து வீட்டையெல்லாம் ஈரமாக்குகிறாள்.

‘முப்பது வருட சர்வீஸில் நான் பிடித்த திருடர்களில் பாதிப் பேர் கஞ்சாக்காரர்கள், கஞ்சாவை ஒழித்தால் திருட்டும் ஒழியும்’ என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த நாட்டில் அதை அளந்தே பார்த்தார்கள். நீதி அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவு 1987இல் தொடங்கிய வேலை அது. பிற்பாடு கை மாறி, நடுவில் நின்று, மறுபடி நடந்தது. கைதான 48 மணி நேரத்துக்குள் ஆளைப் பார்த்துப் பேசி, அவன் சம்மதித்தால் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். 2013இல் ஐந்து ஊர்களில் பார்த்தபோது, கைதான ஆண்களில் அட்லாண்டாவில் 63 சதவீதம் பேருக்கும் எங்கள் சிகாகோவில் 83 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு போதைப்பொருள் தென்பட்டது. உன் கணக்கையும் தாண்டிவிட்டது, பார்த்தாயா!

ஆனால் நான் சிறுநீர்க் கோப்பைகளோடு காலம் தள்ளியவன். கோப்பை கைக்கு வந்ததும் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையைத்தான் முதலில் பார்ப்போம். உடம்புச் சூடு இல்லையென்றால் ஆள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான். அந்தப் பட்டையை ஏமாற்றுவது கஷ்டம். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். தினமும் கஞ்சா புகைப்பவன் உடம்பில் அது வாரக்கணக்கில் தங்கும். கொக்கேய்ன் இரண்டு மூன்று நாளில் போய்விடும். சாராயமோ ஒரு நாளுக்குள் கரைந்துவிடும். ராத்திரி குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன் மறுநாள் மாலை சோதனையில் தப்பிவிடுவான். பத்து நாளுக்கு முன்வரை தினமும் கஞ்சா இழுத்த சைக்கிள் திருடன் மாட்டிக்கொள்வான்.

பால் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 1985இல் இதை மூன்றாகப் பிரித்தார்: போதை தலைக்கேறிச் செய்வது, வாங்கக் காசில்லாமல் செய்வது, விற்கிறவர்களுக்குள் நடக்கும் வெட்டுக்குத்து. 1988இல் நியூயார்க்கில் நடந்த 414 கொலைகளை அவர் குழு ஆராய்ந்தது. பாதிக்குச் சற்று அதிகமானவை போதையோடு சம்பந்தப்பட்டவை. அவற்றிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு வியாபாரத் தகராறு, அதாவது இடத்துக்கும் பாக்கிக்கும் நடந்த சண்டை. வெறியில் நடந்தவை கொஞ்சம்தான். அவற்றில் பெரும்பகுதி சாராய வெறி. நீ ஒழிக்கச் சொல்லும் கஞ்சா இதில் எங்கே வருகிறது?

நீ ஒருமுறை பிடித்த சைக்கிள் திருடன் ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலமும், மனைவியின் தோட்டை வைத்த அடகுக்கடை ரசீதும் இருந்தன என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு ரசீதைப் பற்றி அவனிடம் ஏதாவது கேட்டாயா?

கோபப்படாமல் பதில் எழுது. குற்றாலச் சாரலுக்கு வந்துவிடுவேன்; அதற்குள் காலைத் தேற்றி வை.

அன்புடன்,
சங்கரன்